சிங்கத்தின் கழுத்தில் உப்பு

யாராவது என்னிடம் அன்பாக ஒன்றைக் கேட்டால், இதனால் இவருக்கு என்ன லாபம் என்றுதான் முதலில் யோசிப்பேன். பிறவிக் குணம் இல்லை. தொழில் கொடுத்த குணம். துபாயில் பல வருஷம் சரக்கு சர்வேயராக இருந்தேன். கப்பலில் வந்த சரக்கு உடைந்துவிட்டது, நனைந்துவிட்டது என்று யாராவது இன்சூரன்ஸ் கம்பெனியிடம் இழப்பீடு கேட்டால், அது நிஜம்தானா, எங்கே எப்படி நடந்தது என்று நேரில் போய்ப் பார்த்து எழுதிக்கொடுப்பது எங்கள் வேலை. சுருக்கமாகச் சொன்னால், சந்தேகப்படுவதற்குச் சம்பளம்.

போன மாதம் பழைய ஆபீஸிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். இப்போதெல்லாம் கோடவுனுக்கு யாரும் அதிகம் போவதில்லையாம். சரக்குக்காரரே செல்போனில் வீடியோ எடுத்து அனுப்புகிறார். இவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறார்கள். "சார், அந்தச் சர்ச் கேஸை மட்டும் எழுதிக் குடுங்க சார். புதுசா வந்திருக்கிற பசங்க படிக்கட்டும்" என்றான். ஏதோ கல் கேஸ் ஒன்று கையில் மாட்டி விழிக்கிறான் என்று எனக்கு அப்போதே பட்டது. இருந்தாலும் எழுதுகிறேன். வீடியோவில் உப்புக் கரிக்காது என்பதையாவது அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

நான் பாளையங்கோட்டைக்காரன். வேதியியல் படித்துவிட்டு, தூத்துக்குடியில் உப்புக் கோடவுன்களில் சரக்குச் சரிபார்ப்பவனாகக் கொஞ்ச காலம் இருந்தேன். பிறகு துபாய். பர் துபாயில் மீனா பஜாருக்குப் பின்னால் ஒரு ஃபிளாட், மனைவி, நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் மகள். தொழிலை நிஜமாகக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தலைமை சர்வேயர் கேப்டன் அருளம்பலம். யாழ்ப்பாணத்துக்காரர். கப்பலில் அதிகாரியாக உலகம் சுற்றி, முழங்கால் கெட்டபிறகு கரை ஏறியவர்.

கேப்டன் சர்வேக்குப் போகிற இடத்தில் தேநீர் குடிக்க மாட்டார். வேலை முடியும்வரை யாருக்கும் கை கொடுக்க மாட்டார். அதற்காகவே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். உடைந்த பொருளைக் கடைசியில்தான் பார்ப்பார். முதலில் தரை, பிறகு சுவர், பிறகு நிற்கிற ஆட்களின் செருப்பு, அப்புறம்தான் சரக்கு. "உடைஞ்சதைப் பாத்தால் மனம் இரங்கும். மனம் இரங்கினால் கண் தெரியாது" என்பார். ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் நான் கொண்டுபோய் வைக்கும்போது அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "உதை நான் நம்பினால் ஆருக்கு லாபம்?" அவர்கள் பேச்சில் 'உதை' என்றால் இதை, 'ஆர்' என்றால் யார்.

இரண்டாயிரங்களின் நடுவாக்கில் துபாய் இருந்த நிலை அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். எதைக் கட்டலாம் என்று யோசிப்பதற்குள் இன்னொருவர் கட்டிவிடுவார். கடற்கரை ஓரமாக ஓர் ஓய்வு விடுதி வரப்போகிறது, அதற்குள் ஐரோப்பியக் கிராமம் ஒன்றையே அமைக்கப்போகிறார்கள் என்றார்கள். அந்தக் கிராமத்தின் காபிக் கடைக்கு வாசலாக வைப்பதற்கு, தென் பிரான்சில் ஒரு மலைக் கிராமத்துச் சிறு தேவாலயத்தின் கல் வாசலை விலைக்கு வாங்கியிருந்தார்கள். வாசலும் அதை ஒட்டிய சுவரின் கற்களும் வெளிப்பக்கம் எண் எழுதி, மரப்பெட்டிகளில் அடைத்து, ஒரே கண்டெய்னரில் வந்து சேர்ந்தன.

ஆகஸ்ட் மாதம். கண்டெய்னர் அல் கூஸ் பகுதியில் ஒரு கோடவுனின் முற்றத்தில் பல நாள் வெயிலிலும் புழுக்கத்திலும் நின்றது. பிறகு பெட்டிகளை இறக்கி, பழம்பொருள் என்பதால் ஏசி போட்ட கூடத்துக்குள் வைத்தார்கள். சில வாரம் கழித்து, கற்களைத் திரும்ப அடுக்கித் தருவதற்காக ஓய்வு விடுதிக்காரர்கள் அமர்த்திய பிரெஞ்சு நிபுணர், மேடம் க்ளேர், வந்து பெட்டிகளைத் திறந்தார். வாசல் தூண்களுக்கு அடியில் இருக்கவேண்டிய இரண்டு கல் சிங்கங்களில் ஒன்று கழுத்தோடு பிளந்து கிடந்தது. பெட்டியின் அடிப்பலகையில் தண்ணீர் ஊறிய கறை இருந்தது.

கோடவுன் மேனேஜர் பாட்டியா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர் போட்டு உடைத்துவிட்டான்" என்றார். அந்த ஆபரேட்டர் முருகேசன், சங்கரன்கோவில் பக்கத்து ஆள்.

நான் போனபோது முருகேசன் கோடவுன் வாசலில் ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். என் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணாச்சி நம்ம பக்கமா? நல்லதாப் போச்சு. நான் போடல அண்ணாச்சி. இறக்குனப்போ பெட்டி பூ மாதிரி இருந்துச்சு."

"இப்ப எங்கிட்ட எதுவும் பேசாதப்பா. தள்ளி நில்லு" என்றேன். அவன் முகம் வாடியது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் 'நம்ம பக்கமா' என்று ஆரம்பிக்கிறவர்களிடம் நான் ஏற்கெனவே பட்டிருக்கிறேன்.

முறைப்படி வேலையைத் தொடங்கினேன். காலி கண்டெய்னர் இன்னும் முற்றத்திலேயே நின்றது. உள்ளே போய் நின்றுகொண்டு கதவைச் சாத்தச் சொன்னேன். இருட்டில் எங்காவது ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை, அந்த ஓட்டை வழியாகக் கடல் வந்திருக்கும். துபாய் வெயிலில் அந்த இரும்புப் பெட்டிக்குள் நிற்பதற்குச் சம்பளம் தனியாகத் தரவேண்டும். கூரை, மூலைகள், கதவு ரப்பர் எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

அடுத்தது சில்வர் நைட்ரேட். எங்கள் பையில் எப்போதும் இருக்கும் சின்னக் கண்ணாடிப் புட்டி. நனைந்த இடத்தில் ஒரு சொட்டு விட்டால், அது கடல் தண்ணீராக இருந்தால் பால் மாதிரி வெள்ளையாகிவிடும். மழைத் தண்ணீர் என்றால் பேசாமல் இருக்கும். 'வெள்ளையானால் கடல்' என்பது எங்கள் தொழிலில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது. சிங்கத்தின் பெட்டி அடிப்பலகையில் சொட்டு விட்டேன். பால் என்றால் பால், அப்படியொரு வெள்ளை.

கண்டெய்னரில் ஓட்டை இல்லை. ஆனால் பெட்டிக்குள் கடல். நான் நிமிர்வதற்குள் பாட்டியா கணக்கை முடித்துவிட்டார்.

"தேக்கா சாப்? பார்த்தீர்களா? இவன் போட்டு உடைத்திருக்கிறான். பழி கப்பல் மேல் போகட்டும் என்று கடல் தண்ணீரை ஊற்றியிருக்கிறான். பக்கெட்டோடு அவனைப் பார்த்த ஆள் இருக்கிறான்."

அப்படி ஊற்றியவர்களை நானே பிடித்திருக்கிறேன். ஒருவர் அரிசி மூட்டைக்கு ஊற்றினார். இன்னொருவர் துணிப் பெட்டிக்கு. அதனால் பாட்டியா சொன்னது எனக்கு நம்பும்படியாகவே இருந்தது. முருகேசனைக் கூப்பிட்டுப் பக்கெட் பற்றிக் கேட்டேன்.

"ஃபோர்க்லிஃப்ட் டயர கழுவ எடுத்தேன் அண்ணாச்சி. பைப்புத் தண்ணிதான். கடலுக்கு நான் எப்பிடிப் போவேன்? லேபர் கேம்ப்ல இருந்து பஸ்ஸுல வாரேன், பஸ்ஸுல போறேன்."

பதில் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததே எனக்கு உறுத்தியது.

சாயங்காலம் ஆபீஸில் கேப்டனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெடியன் எந்த ஊர் எண்டனீர்?"

"எங்க பக்கம்தான் சார். சங்கரன்கோவில்."

"அப்ப ரெண்டு தரம் சந்தேகப்படும். ஒருக்கா அவனை. ஒருக்கா உம்மை."

வெள்ளிக்கிழமை காலையில் குடும்பத்தோடு பர் துபாய்க் கோவிலுக்குப் போயிருந்தேன். செருப்பு விடுகிற சந்தில் முருகேசன் நின்றான். கையில் ஒரு பை. ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த அல்வாவாம். எனக்கு ரத்தம் கொதித்தது. குற்றம் செய்யாதவன் ஏன் சர்வேயருக்கு அல்வா கொண்டுவருகிறான்?

"அத எடுத்துட்டு முதல்ல போ. நீ குடுக்கிறத யாராவது பாத்தா ஒனக்கும் வேலை இருக்காது, எனக்கும் இருக்காது."

"இது அதுக்கு இல்ல அண்ணாச்சி. பெரியவங்களப் பாக்க வெறுங்கையோட எப்பிடி வாறது?" என்றான். "பாஸ்போர்ட்ட மேனேஜர் வச்சிருக்கான். உங்க ரிப்போர்ட் வந்ததும் போலீஸ்ல எழுதிக் குடுப்பேன்னு சொல்லுதான். கேஸ் ஆயிட்டா ஊருக்கும் போக முடியாது, இங்க டூட்டியும் கிடையாது. ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸும் போயிரும். எத்தன தடவ ஃபெயிலாகி வாங்குனது தெரியுமா? அது கிடைக்குத வரைக்கும் மூட்டைதான் தூக்குனேன்."

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி, "அந்த அல்வாவ வாங்கியிருக்க வேண்டாம். ஆனா அந்தப் பையனப் பாத்து அப்பிடி விரட்டியிருக்கவும் வேண்டாம்" என்றாள். உனக்குத் தொழில் தெரியாது என்று சொல்லிவிட்டு நான் போய்ப் படுத்துக்கொண்டேன். தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை தனியாகக் கோடவுனுக்குப் போனேன். இந்தத் தடவை பெட்டியை முதலில் பார்த்தேன். அவ்வளவு கனமான பெட்டி கீழே விழுந்தால் ஒரு மூலையாவது நசுங்கும், ஆணியாவது பிதுங்கும். ஒன்றும் இல்லை. பலகையை மாற்றியிருப்பான் என்றார் பாட்டியா. பலகையில் அனுப்பியவர்களின் முத்திரை இருந்தது. அதையும் மாற்றியிருப்பான் என்பார் என்று நான் கேட்கவில்லை.

பிறகுதான் சிங்கத்திடம் வந்தேன். சிங்கம் என்று சொல்வதற்கே தைரியம் வேண்டும். செதுக்கிய மனிதர் வாழ்நாளில் சிங்கத்தைப் பார்த்திருக்க மாட்டார். எங்கோ கேள்விப்பட்டு, பக்கத்து வீட்டு நாயை மனதில் வைத்துச் செய்திருக்கிறார். பிடரிக்குப் பதில் சுருள் சுருளாகக் கம்பளி. ஆனாலும் முதுகில் ஒரு தூணைச் சுமக்கிற பொறுப்பு அந்த முகத்தில் இருந்தது. பிளந்த கழுத்தைக் கைவிளக்கால் பார்த்தேன். அடிபட்டு உடைந்த கல்லின் வெட்டுமுகம் பளிச்சென்று, கூர்மையாக இருக்கும். இது அப்படி இல்லை. ஓரமெல்லாம் பொரிந்து மாவாக உதிர்ந்தது. உள்ளே முடி மாதிரி வெள்ளையாக ஏதோ முளைத்திருந்தது.

தூத்துக்குடிக் கோடவுன் சுவர்கள் எனக்கு ஞாபகம் வந்தன. உப்பு ஏறிய சுவர் மழைக்காலத்தில் வேர்க்கும். காய்ந்ததும் பொரிந்து கொட்டும். எத்தனை தடவை பூசினாலும் நிற்காது. விரலால் அந்த வெள்ளையைத் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது.

"அதை ஏன் நக்குகிறீர்கள்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மேடம் க்ளேர். அறுபது வயது, வெட்டிய நரைமுடி, இடுப்பில் கருவிப் பை. இன்சூரன்ஸ் ஆள் ஏதோ தில்லுமுல்லு செய்கிறான் என்று அந்த அம்மாளுக்கு என்மேல் சந்தேகம். இந்த வாசலை வாங்கச் சொல்லிச் சிபாரிசு செய்ததே இவராக இருக்கும் என்று எனக்கு அவர்மேல் சந்தேகம். நல்ல ஜோடி.

வெட்டுமுகத்தின் ஆழத்திலிருந்து கொஞ்சம் தூளைச் சுரண்டி, மருந்துக்கடையில் வாங்கிய சுத்திகரித்த நீரில் கலந்து, சொட்டு விட்டேன். வெள்ளை. கல்லின் நடு வயிற்றிலேயே உப்பு.

"கடல் தண்ணீர் ஊறியிருக்கும்" என்றார் மேடம்.

இருக்கலாம். இந்த இடத்தில்தான் கேப்டன் கற்றுக்கொடுத்த ஒரு வழக்கம் கைகொடுத்தது. குறை சொல்லப்பட்ட பொருளைச் சோதித்தால் மட்டும் போதாது. யாரும் குறை சொல்லாத பொருளையும் அதே சொட்டால் சோதிக்க வேண்டும். பெரும்பாலான சர்வேயர்கள் நேரமில்லை என்று இதை விட்டுவிடுவார்கள். நான் எல்லாப் பெட்டிகளையும் திறக்கச் சொன்னேன். பாட்டியா "டைம் நஹீ ஹை" என்று முணுமுணுத்தார். அவசரப்படுகிறவரை இன்னும் காக்கவைப்பது என் வழக்கம்.

ஈரமே படாத பெட்டிகளிலும் சில கற்கள் வெள்ளை காட்டின. சில காட்டவில்லை. ஒரே பெட்டிக்குள் ஒன்று காட்டும், பக்கத்தில் இருப்பது காட்டாது. கடலிலிருந்து தண்ணீர் மொண்டுவந்து ஊற்றுகிறவன் இப்படித் தேர்ந்தெடுத்து ஊற்ற மாட்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேடம்தான் சட்டென்று கற்களின் மேல் எழுதியிருந்த எண்களைப் பார்த்தார். அவை அந்தக் கற்கள் சுவரில் எந்த வரிசையில் இருந்தன என்று பிரித்தவர்கள் போட்ட எண்கள்.

"தரையில் அடுக்கிப் பார்க்கலாம்" என்றார். முதல்முறையாக அவர் குரலில் சந்தேகம் குறைந்திருந்தது.

கற்களை வரிசைப்படி தரையில் பரப்பினோம். சுவர் படுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அடியிலிருந்து ஆள் மார்பு உயரம் வரைக்கும் உள்ள கற்கள் எல்லாம் உப்பு. அதற்கு மேலே உப்பே இல்லை. கோடு போட்டதுபோல் ஒரு எல்லை. இரண்டாவது சிங்கத்திலும் உப்பு இருந்தது. அது இன்னும் பிளக்கவில்லை, அவ்வளவுதான். மேடம் தரையில் மண்டியிட்டு, சுவரின் உட்பக்கமாக இருந்த கற்களின் முகத்தைக் கையால் தடவிக்கொண்டே போனார். முழங்கால் உயரத்தில் சில கற்கள் எண்ணெய் தேய்த்ததுபோல் வழுவழுவென்று இருந்தன.

"ஆடுகள்" என்றார். "செம்மறிகள் உரசி உரசிக் கம்பளியின் கொழுப்பு ஏறியிருக்கிறது. இந்தக் கோவிலுக்குள் ஆடு கட்டியிருக்கிறார்கள்."

விற்றவர்கள் அனுப்பிய வழவழப்பான புத்தகம் ஒன்று என் பையில் இருந்தது. தொள்ளாயிரம் வருஷம் இடைவிடாத ஜெபம், பக்தர்களின் காலடி தவிர வேறெதுவும் படாத புனித வாசல் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தார்கள். படித்த அன்றே எனக்கு நெருடியது. நம் ஊரில் ஒரு மனை வாங்கவே வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். அதில் தாத்தா காலத்து அடமானம், பெரியப்பா மகன் வழக்கு என்று ஏதாவது ஒன்று இருக்கும். தொள்ளாயிரம் வருஷத்துக்கு ஒரு வில்லங்கமும் இல்லாத கட்டடம் எங்கே இருக்கிறது? அதை மேடத்திடம் கேட்டேன். அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கற்களைக் காட்டிக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தார்.

ரோமனெஸ்க் என்று அந்தப் பாணிக்குப் பெயர். கூர்மையான வளைவுகள் வருவதற்கு முந்திய காலம். எல்லா வளைவும் அரைவட்டம். கல் கூரையின் பாரத்தைத் தாங்க வேண்டுமென்பதால் சுவர் தடிமன், ஜன்னல் சிறியது, உள்ளே பகலிலும் இருட்டு. கிழக்கே அரைவட்டமாக ஒரு கருவறை, தெற்கே ஒரே வாசல். மலையில் கிடைத்த சுண்ணாம்புக் கல்லையே உடைத்துக் கட்டியிருக்கிறார்கள். சில கற்களில் அம்பு மாதிரியும் கொக்கி மாதிரியும் கீறல்கள் இருந்தன. எந்தக் கல் யார் செதுக்கியது என்று கணக்குக் காட்டக் கொத்தர்கள் போட்ட அடையாளம். அந்தக் காலத்திலும் மேஸ்திரி யாரையும் நம்பவில்லை என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

பிறகு ஊர் கீழே ஆற்றங்கரைச் சாலைப் பக்கம் இறங்கியிருக்க வேண்டும். ஊர் இறங்கினால் கோவில் தனித்துவிடும். கீழே புதுக் கோவில் வந்திருக்கும். மேலே வருஷத்துக்கு ஒருநாள் ஊர்வலம். அந்த நாட்டில் ராஜாவையும் குருமார்களையும் கவிழ்த்த சமயத்தில் இப்படிப்பட்ட கோவில்களை ஏலம் விட்டார்களாம். ஒரு விவசாயி எடுத்திருப்பான். மலைமேல் ஆடு மேய்க்கிறவனுக்குக் கல் கூரை போட்ட கட்டடம் சும்மா கிடைத்த மாதிரி. ஆடு கட்டினான். ஆட்டுக்கு நக்க உப்பு வேண்டும், பாலாடைக் கட்டிக்கும் இறைச்சிக்கும் உப்பு வேண்டும். வாசலை ஒட்டி உப்பைக் குவித்தான். அப்பன், மகன், பேரன் என்று அது மார்பு உயரத்துக்குத் தலைமுறை தலைமுறையாகக் கிடந்திருக்கிறது. ஜெபம் எத்தனை வருஷம் நடந்ததோ தெரியாது, உப்பு கல்லின் நடுவரைக்கும் போயிருக்கிறது.

"அந்த மலையில் காற்று காய்ந்த காற்று" என்றார் மேடம். "உப்பு கல்லுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது."

மீதி எனக்கே விளங்கிவிட்டது. ஆகஸ்ட் மாதத்து வளைகுடாப் புழுக்கத்தில் கண்டெய்னர் நின்ற நாள்களில் அந்த உப்பு ஈரத்தைக் குடித்துக் கரைந்திருக்கிறது. வேர்த்து ஒழுகிப் பலகையை நனைத்திருக்கிறது. பிறகு கொண்டுபோய் ஏசியில் வைத்தார்கள். ஈரம் போனதும் உப்பு உள்ளேயே படிகமாக வளர்ந்து, கழுத்து மெலிந்த இடத்தில் கல்லைப் பிளந்துவிட்டது. சிங்கத்தை யாரும் போடவில்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. கோடவுன் வாசலில் நின்ற முருகேசனிடம் ஓடிப்போய்ச் சொல்லவேண்டும் போலிருந்தது. சொல்லவில்லை. கேப்டனிடம் போனேன்.

கேப்டன் முழுக்கக் கேட்டார். பிறகு, எதிர்பார்த்தபடியே: "உதை நான் நம்பினால் ஆருக்கு லாபம்?"

"முருகேசனுக்கு, சார்."

"அதுக்கு முதல் ஆருக்கு? பொருளுக்குள்ளயே இருந்த குறையால உடைஞ்சதெண்டால் இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு சதம் குடுக்கத் தேவையில்லை. எங்களுக்குக் காசு தாறது ஆர்? அதே கம்பெனி. அவைக்கு வாய்ப்பான முடிவை நீர் கொண்டுவாறீர். ஊர்க்காரனும் தப்புறான். ரெண்டு பக்கமும் இனிக்கிற முடிவை நான் நம்பிறதில்லை."

எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் அவரே கிளம்பினார். என் புட்டியைத் தொடவில்லை; தன்னுடைய புட்டி, தானே வாங்கிய நீர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கெட்ட முழங்காலோடு படுத்திருந்த சுவரைச் சுற்றி நடந்தார். தனக்குத் தோன்றிய கற்களில் சொட்டு விட்டார். பாட்டியா நீட்டிய பால் சேர்க்காத சுலைமானித் தேநீர் ஆறிப்போனது. கடைசியில் சிங்கத்தின் கழுத்தைப் பார்த்தார்.

"பழைய வருத்தம்" என்றார். யாழ்ப்பாணத்தில் நோயைத்தான் வருத்தம் என்பார்கள். "ஊர் மாறினதும் வெளிய வந்திருக்கு. எழுதும்."

ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். கல் தன்னுள் இருந்த உப்பினால் பிளந்தது என்பது அதன் சாரம். வேலை முடிந்தது என்று நினைத்தேன். இரண்டொரு நாளில் முருகேசன் எங்கள் ஆபீஸ் மாடிப்படியில் வந்து நின்றான். வெறுங்கை.

"அண்ணாச்சி, ரிப்போர்ட்ல என் பேரு இருக்கா?"

"இல்லப்பா. கல்லு தானா உடைஞ்சதுன்னு இருக்கு. அது போதுமே."

"போதல அண்ணாச்சி. மேனேஜர் அதப் படிச்சிட்டுச் சிரிக்கான். கல்லு எங்கயாவது தானா உடையுமான்னு கேக்கான். உப்பு இருந்துச்சு சரி, நீயும் போட்டிருப்பேன்னு சொல்லுதான். பாஸ்போர்ட்டத் தர மாட்டேங்கான். இவன் போடலன்னு என் பேரப் போட்டு ஒரு வரி எழுதித் தாங்க அண்ணாச்சி. கல்லப் பத்தி எவ்வளவோ எழுதியிருக்கீங்க. என்னப் பத்தி ஒரு வரி."

எங்கள் ரிப்போர்ட்டில் ஆட்களின் பெயரே வராது. காரணத்தை எழுதுவோம், குற்றவாளி யார் என்று எழுத மாட்டோம், நிரபராதி யார் என்றும் எழுத மாட்டோம். அது கேப்டனின் சட்டம், பல வருஷமாக அதில் அசைவு கிடையாது. நடக்காது என்று தெரிந்தும் உள்ளே போய்ச் சொன்னேன். சொல்லும்போது, இவர் இப்போது என்னையும் சேர்த்துச் சந்தேகப்படப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேதான் சொன்னேன்.

கேப்டன் ரிப்போர்ட்டின் நகலை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

"பெடியன் நிக்கிறானே?"

"படியில நிக்கிறான் சார்."

"வரச் சொல்லும். முழுப் பேர் கேளும். தகப்பன் பேரும் வேணும். பிழையா எழுதினால் அதையும் பிடிப்பாங்கள்."

முருகேசன் தகப்பன் பெயரைச் சொல்லும்போது அட்டென்ஷனில் நிற்பதுபோல் நின்றான். நான் தட்டச்சு செய்தேன். 'பெட்டிகளை இறக்கிய இன்னாருக்கு இந்தச் சேதத்தில் பங்கில்லை எனத் தோன்றுகிறது.' எங்கள் தொழிலில் எல்லா வாக்கியத்துக்கும் இப்படி ஒரு வால் உண்டு. நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால் அந்த வாலைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கலாம். கேப்டன் தாளை வாங்கிப் பார்த்தார். பேனாவை எடுத்து 'எனத் தோன்றுகிறது' என்பதை அடித்தார்.

"பங்கில்லை. காணும், அது போதும்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கீழே வேலை பார்த்த காலமெல்லாம் நான் வாங்கிய சம்பளத்தைவிட அந்த ஒரு கோடு எனக்குப் பெரிதாகப் பட்டது.

பாட்டியா பாஸ்போர்ட்டைக் கொடுத்தார். போலீஸ் பேச்சு நின்றது. ஆனால் முருகேசனை ஃபோர்க்லிஃப்டில் ஏற்றவில்லை. கூடத்தைப் பெருக்கச் சொன்னார். உப்புள்ள கற்களை எல்லாம் பக்கத்துக் கூடத்துக்கு மாற்றி, சுத்திகரித்த நீரில் மாதக்கணக்கில் ஊறவைத்து உப்பை இழுக்க வேண்டும் என்று மேடம் சொன்னார். அந்த வேலைக்கு வெளியிலிருந்து வேறு ஆபரேட்டரை வரவழைப்பதாக ஏற்பாடு. மேடம் அந்த ஏற்பாட்டைக் கேட்டுவிட்டு, எங்கள் ரிப்போர்ட்டைப் பாட்டியாவின் மேஜையில் வைத்து, முருகேசனின் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தார். "இதுவரை இந்தக் கற்களைப் போடாத ஆள் என்று எனக்குத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். இவர்தான் எடுக்க வேண்டும்" என்றார். பாட்டியா சாவியை நீட்டினார்.

அன்றைக்கு நானும் போயிருந்தேன். பிளக்காத சிங்கத்தைத்தான் முதலில் எடுக்கவேண்டும். எந்த நிமிஷமும் பிளக்கக் கூடியது. கேப்டன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பாட்டியா தள்ளி நின்றார். முருகேசன் ஃபோர்க்கைப் பலகைக்கு அடியில் அங்குலம் அங்குலமாகச் செலுத்தி, தூக்கி, தரையின் பள்ளம் மேட்டையெல்லாம் தவிர்த்து, அரை நடை வேகத்தில் கூடத்தைக் கடந்தான். நான் பக்கவாட்டில் நடந்துகொண்டே லீவர் மேல் இருந்த அவன் கையை மட்டும் பார்த்தேன். கை நடுங்குகிறதா, அவசரப்படுகிறானா, ஒருவேளை அன்றைக்கும் போட்டிருப்பானோ. அவனுக்குப் பங்கில்லை என்று தட்டச்சு செய்த கை என்னுடையது. ஆனாலும் பார்த்தேன்.

ஊறவைக்கும் தொட்டியின் பக்கத்தில் சிங்கம் சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்தது. முருகேசன் எஞ்சினை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"இறக்கியாச்சு அண்ணாச்சி. இனிமே மூச்சு விடுங்க."